மட்டாஞ்சேரியில் கேட்ட ‘வல்லவன்’

நீண்ட பதிவு. நேரம் இருப்போர் படிக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், மூத்த பேராசிரியர் ஒருவர் என் ஆய்வுத் தரவுகளில் ராப் பாடல்கள் இருப்பதைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது யாப்பா இரைச்சலா?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் உறுத்துகிறது. அன்று சொல்லாமல் விழுங்கிய மறுமொழியே இந்தப் பதிவு. சான்றாக நான் எடுத்துக்கொள்வது, மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழுவினர் 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ என்னும் தொகுப்பு.

யோகி பி அதற்கு முன்பே ‘பொயட்டிக் அம்மோ’ குழுவில் பெயர் பெற்றவர். தொண்ணூறுகளின் மலேசியாவில் ஆங்கிலம், மலாய், தமிழ், கான்டனீஸ் என நான்கு மொழிகளில் ராப் பாடிய குழு அது. பின்னர் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய இருவருடன் சேர்ந்து தமிழை நடுவில் வைத்து உருவாக்கியதே ‘வல்லவன்’. அதில் எல்லோருக்கும் தெரிந்த பாடல் ‘மடை திறந்து’. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படத்தில் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய இளையராஜாவின் பாடலை எடுத்து, அதன்மேல் தங்கள் வரிகளை அடுக்கினார்கள். மூலப் படத்தில் அது வாய்ப்புத் தேடி அலையும் ஓர் இசைக்கலைஞனின் கனவு. கால் நூற்றாண்டு கழித்து, கடல் கடந்த மூன்று இளைஞர்கள் அதே கனவை எடுத்து அணிந்துகொண்டார்கள். ஹிப்ஹாப்பின் பிறப்பே இப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தில் டிஜே கூல் ஹெர்க் தட்டுகளைச் சுழற்றினார். முந்தைய தலைமுறையின் பாட்டில் முரசு மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை நீட்டித்து அதன்மேல் பேச இடம் உண்டாக்குவதே அவரிடமிருந்து பரவிய முறை. நம் வீடுகளில் அந்தப் பழைய தட்டு இளையராஜாவாக இருந்தது, அவ்வளவே.

‘ஓல்ட் ஸ்கூல்’ என்ற சொல்லைக் கறாராக ஆள்வோர், அது எண்பதுகளின் நடுப்பகுதிக்கு முற்பட்டதை மட்டுமே குறிக்கும் என்பார்கள். இங்கே தொண்ணூறுகளின் ‘பூம்-பாப்’ முறையையும் சேர்த்தே அப்படி அழைக்கிறோம். நானும் அந்தத் தளர்வான பொருளிலேயே ஆள்கிறேன். ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல்லுக்கும் தமிழில் தனிப்பொருள் வந்துவிட்டது. சினிமாவைச் சாராமல் பிறந்தது எதுவோ அது நமக்கு நிலத்தடி இசை. ‘வல்லவன்’ அப்படிப் பிறந்தது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பியின் குரல் ஒலித்தது வேறு கதை. எனக்கு அந்தத் தொகுப்பு திரையரங்கிலிருந்து வரவில்லை. மாமா மகனின் கைப்பேசியிலிருந்து புளூடூத் வழியாக வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

இந்தப் பழைய முறையின் ஈர்ப்பைப் பலரும் ஏக்கம் என்று விளக்குகிறார்கள். நான் ஏற்கவில்லை. நான் சந்தித்த பதினெட்டு வயது இரசிகர்களுக்குத் தொண்ணூறுகளைப் பற்றி ஏங்க எந்த நினைவும் கிடையாது. ஈர்ப்பு சொல்லுக்குக் கிடைக்கும் இடத்தில் இருக்கிறது என்பதே என் கட்சி.

பூம்-பாப்பின் வேகம் பெரும்பாலும் நிமிடத்திற்கு 90 தட்டுகளை ஒட்டியே நிற்கும். அப்படியானால் நான்கு தட்டுகள் கொண்ட ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.7 நொடி. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பகுத்தால், ஒரு சுற்றில் அசைகளை வைக்கப் பதினாறு இடங்கள். இரண்டாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் ஸ்னேர் அறைகிறது. மற்றபடி மேளம் ஒதுங்கி வழிவிடுகிறது. ஒட்டுகள் சேர்ந்து சேர்ந்து நீளும் தமிழ்ச் சொல்லுக்கு இந்தப் பதினாறு இடங்கள் எவ்வளவு வசதியானவை என்பதை, “போய்விட்டிருந்திருப்பார்கள்” போன்ற ஒரு வினைமுற்றைத் தாளத்தில் வைத்துச் சொல்லிப் பார்த்தால் தெரியும்.

ஆங்கில ராப்பின் உயிர் இயைபில் இருக்கிறது. அடியின் இறுதிச் சொல் அடுத்த அடியின் இறுதிச் சொல்லோடு ஒன்ற வேண்டும். தமிழில் இறுதி ஒன்றுவது மிக மலிவு. “வருகிறேன், தருகிறேன், போகிறேன்” என்று தூக்கத்திலும் அடுக்கலாம். தொடரின் இறுதியில் வினை நிற்கிறது, வினையின் இறுதியில் விகுதி நிற்கிறது. எல்லாம் தாமே ஒன்றிவிடும். உழைப்பில்லாத இயைபில் சுவையும் இல்லை. தொல்காப்பியம் மோனை, எதுகை, முரண், இயைபு, அளபெடை என்று ஐந்தையும் தொடையாகச் சொன்னாலும், நம் செய்யுள் மரபு மோனையையும் எதுகையையுமே தூக்கிச் சுமந்ததற்கு இது ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். தமிழ்ச் சொல்லின் பொருள் முதலில் இருக்கிறது. ‘கப்பல், உப்பு, அப்பன்’ என்று இரண்டாம் எழுத்து ஒன்றும்போது விகுதிகள் அல்ல, வேர்கள் மோதிக்கொள்கின்றன. ‘வல்லவன்’ தொகுப்பை முதன்முறை தாளிட்ட அறையில் ஆய்வாளனாகக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இதுதான். சொல்லின் முதலசை தட்டின்மேல் வந்து விழும்போதெல்லாம் அந்த வரி நினைவில் நின்றது. இறுதி ஒலியை மட்டும் நம்பிய வரிகள் நழுவிப்போயின. இன்றைய திரை ராப்பில் சுருதி திருத்தும் மென்பொருள் குரலை இழைத்துவிடுகிறது. விரைவான ஹை-ஹாட் இடைவெளியை எல்லாம் நிரப்பிவிடுகிறது. எதுகையைக் கேட்கக் காதுக்கு இடமே மிஞ்சுவதில்லை.

மலையாளத்தில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. அங்கே வினைமுற்றுக்குத் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. நான் வந்தாலும் அவன் வந்தாலும் அவர்கள் வந்தாலும் ‘வருந்நு’ ஒன்றே. ஸ்ட்ரீட் அகாடமிக்ஸ் போன்ற மலையாளக் குழுக்கள் வட்டாரச் சொற்களை வாரி இறைத்து அடியின் உள்ளேயே ஒலிகளை மோதவிடுவதற்கு இதுவும் காரணமாகலாம். இதைப் புதுமை என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. பதினான்காம் நூற்றாண்டு நூலாகிய லீலாதிலகம் ‘பாட்டு’ என்பதற்கு இலக்கணம் வகுக்கையில், திராவிட எழுத்துகளால் அமைதலோடு எதுகையும் மோனையும் வேண்டும் என்கிறது. கொச்சிக் கடலோரத்துச் சவிட்டுநாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை மேடையைக் காலால் உதைத்து, அந்த உதையையே தாளமாக்கிப் பாடும் இலத்தீன் கிறித்தவர்களின் கூத்து. அதன் பழைய பிரதிகளில் தமிழ் நிரம்பிக் கிடக்கிறது. சார்லமேன் மன்னனின் கதையைச் சொல்லும் நாடகத்தைச் சின்னத்தம்பி அண்ணாவி இயற்றியதாகச் சொல்வார்கள். இரைச்சலா என்று கேட்ட பேராசிரியர் ஒருமுறை அந்தப் பலகையின் அருகே அமர்ந்து பார்க்கலாம்.

நான் மட்டாஞ்சேரியில் ஓர் அறை எடுத்துத் தங்கிக் களப்பணி செய்கிறேன். கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம், தமிழ் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் பேசப்படும் ஊர். பக்கத்தில் ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில் இருக்கும் தோபிக்கானாவில் துணி வெளுப்போர் பலர் தமிழர். டச்சுக்காரர் காலத்திலேயே முன்னோர் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அங்கேதான் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் ஓர் இளைஞனைச் சந்தித்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். முதலில் என்னை ‘சேட்டா’ என்றே அழைத்தான். என்னோடு தமிழில் பேச அவனுக்குக் கூச்சம். “எங்க தமிழ் சரியான தமிழ் இல்ல” என்று மலையாளத்தில் சொன்னான். மூன்று வாரம் கழித்துத்தான் ‘அண்ணே’ வந்தது.

அவனுக்குச் சென்னை ராப்பர்கள் எல்லோரையும் தெரியும்; பிடிக்கவும் செய்யும். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது ‘வல்லவன்’. ஏன் என்றேன். “இவங்களும் தமிழ்நாட்டுக்காரங்க இல்லல்ல?” என்றான். என் ஆய்வேட்டில் நாற்பது பக்கம் எழுதியும் இந்த ஒரு வரியை நான் தொடவில்லை. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்களின் பிள்ளைகள் அங்கே ஏட்டுத்தமிழை முறையாகக் கற்கிறார்கள். அந்த ஏட்டுச் சொல்லையும் தெருப்பேச்சையும் ஆங்கிலத்தையும் ஒரே மூச்சில் கலந்து, யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடியிருக்கிறார்கள். சென்னையையோ மதுரையையோ போலிசெய்யும் முயற்சி அதில் இல்லை. தன் தமிழை எண்ணிக் கூசும் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய துணை எது இருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

தொகுப்பில் குறை இல்லாமல் இல்லை. சொல் தட்டும் இடங்களில் ஆங்கிலம் முட்டுக்கொடுக்கிறது. தற்புகழ்ச்சி சில இடங்களில் சலிப்பூட்டும். ஆனால் “தன் பெயரைத் தானே பாடுவது என்ன பாட்டு?” என்று அதைத் தள்ளிவிடுவோர், திருக்கடைக்காப்பில் பதிகந்தோறும் தன் பெயரைப் பொறித்த சம்பந்தரை நினைத்துக்கொள்ளட்டும். மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உம்பாயி பாடிய ஊர் இது, கஸலின் கடைசி ஈரடியில் கவிஞன் தன் பெயரோடு வந்து நிற்பதைக் கேட்டுப் பழகியவர்கள்.

போன வாரம் அந்தத் தம்பி தான் எழுதிய பன்னிரண்டு வரிகளைக் கைப்பேசியில் காட்டினான். மலையாள எழுத்தில் எழுதிய தமிழ். துணி அடிக்கும் கல்லுக்கு அவன் பாட்டி சொல்லும் சொல் ஒன்று அதில் இருந்தது. நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை. “இது தப்பாண்ணே?” என்றான். இல்லை என்றேன். அடுத்த கருத்தரங்கில் அந்த வரிகளைத் தரவாக வைக்கலாமா என்று கேட்டிருக்கிறேன். வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.