மலைப்பாதைக்கு ஆடம்பர வரியா?

புதுதில்லி: நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும் சிறிய ஜீப் ரக வாகனம் தில்லியில் பகட்டாக இருக்கலாம், ஸ்பிதியிலும் தவாங்கிலும் அது அத்தியாவசியம். இந்த வேறுபாட்டை ஜி.எஸ்.டி. விகிதப் பட்டியல் உணரவில்லை.

2025 செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, 4 மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலானால் 1,200 சி.சி.க்கும், டீசலானால் 1,500 சி.சி.க்கும் மேற்படாத கார்களுக்கு வரி 18 சதவீதம். ஏனைய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40 சதவீதம்.

2023-ல் இந்தியாவில் அறிமுகமான மாருதி ஜிம்னியின் நீளம் 3.985 மீட்டர், அளவில் சிறிய கார்தான். ஆனால், எஞ்சின் 1,462 சி.சி. என்பதால் வரி 40 சதவீதம். மஹிந்திரா தாரில், பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் 1,497 சி.சி. டீசல் வகைக்கு 18 சதவீதம். நான்கு சக்கரமும் இயங்கும் 2.2 லிட்டர் டீசல் வகைக்கு 40 சதவீதம். எஸ்.யூ.வி. என்ற பெயரில், முன்சக்கரங்கள் மட்டும் இயங்கும் நகரத்து வாகனங்கள் பல 18 சதவீதத்தில் விற்கின்றன. சட்டம் நான்கு சக்கர இயக்கத்தைத் தண்டிக்கவில்லை. அதைக் கணக்கிலேயே கொள்ளவில்லை.

பனியிலும் சேற்றிலும் இரு சக்கரங்கள் வழுக்கினாலும் மற்ற இரண்டும் வாகனத்தை நகர்த்தும். 'லோ ரேஞ்ச்' கியர், வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்கும். குறைந்த எடையும் அகலமும் ஒடுங்கிய பாதைக்கு உகந்தவை. உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைந்து எஞ்சினின் திறனும் குறையும் என்பதால், சற்றுப் பெரிய எஞ்சின் அங்கு தேவையே. ராணுவம் பல்லாண்டு பயன்படுத்திய ஜிப்சியும் 970 சி.சி.யில் தொடங்கி 1,298 சி.சி.க்கு உயர்ந்தது.

அடல் சுரங்கமும் (2020) சேலா சுரங்கமும் (2024) பெருவழிகளின் தடையைக் குறைத்துள்ளன. அங்கிருந்து கிராமம் வரையுள்ள மண் பாதைகள் மாறிவிடவில்லை.

சலுகையைச் சுற்றுலாப் பயணிகள்தானே அனுபவிப்பார்கள் என்று கேட்கலாம். 2023 டிசம்பரில் லாஹௌலில் சந்திரா நதிக்குள் தார் வாகனத்தை ஓட்டியவருக்குப் போலீசார் அபராதம் விதித்தனர். அத்தகைய அத்துமீறலுக்கு அதுவே மருந்து; மலைவாழ் குடும்பத்தின் மீது வரிச்சுமை ஏற்றுவதல்ல.

4 மீட்டருக்குள் அடங்கி, நான்கு சக்கர இயக்கமும் லோ ரேஞ்ச் கியரும் கொண்ட வாகனங்களுக்கு மட்டும் பெட்ரோல் எஞ்சின் வரம்பை 1,500 சி.சி.யாக உயர்த்தலாம். மக்களவையில் இமாசலத்துக்கு 4, அருணாசலத்துக்கு 2 இடங்களே. ஆனால், ஜி.எஸ்.டி. கவுன்சிலில் எல்லா மாநிலங்களின் வாக்குக்கும் சம மதிப்பு உண்டு. மலை மாநிலங்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். சட்டப்பேரவை இல்லாததால் கவுன்சிலில் இடம் பெறாத லடாக்குக்காகப் பேசும் கடமை மத்திய நிதியமைச்சருடையது.