காவலூர்க் கண்ணாடி

“உதென்ன தம்பி, ஒரு மாதமாக் கண்ணாடியை அரைக்கிறாய், இன்னும் சம்பல் பதம் வரேல்லையோ?” என்று வேலிக்கு அங்காலிருந்து பக்கத்து வீட்டு மாமி கேட்டா. காவலூர் என்றும் சொல்லுகிற ஊர்காவற்றுறையில், எங்கள் வீட்டுப் பின்னறையில், தொலைநோக்கிக்காக ஆறு அங்குலக் கண்ணாடி வட்டு ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மாமியின் பகிடியில் விஷயம் இருக்கிறது. பழைய அம்மியின் நடுவைப் பாருங்கள், குழிந்திருக்கும். அது அரைத்து அரைத்தே விழுந்த குழி. இதுவும் அப்படித்தான். ஒரே அளவான இரண்டு வட்டுகளுக்கிடையில் காபொரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, மேல்வட்டை முன்னும் பின்னும் தள்ளி, இடைக்கிடை திருப்பி, மேசையைச் சுற்றி நடந்தபடி தேய்த்தால் மேலது குழியும், கீழது குவியும். 1.2 மீற்றர் குவியத்தூரம் வேண்டுமென்றால், நடுக்குழியின் ஆழம் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர்தான்.

அதன்பிறகு மினுக்கல். கீலை உருக்கி ஊற்றி, சதுரம் சதுரமாகக் கோடிட்டு, சீரியம் ஒக்சைட்டைக் கரைத்து விட்டுத் தேய்க்கவேண்டும். தீவில் மத்தியான வெக்கைக்குக் கீல் இளகும். சோளகக் காற்று மணலை அள்ளி வரும். ஒரு பருக்கை மணல் உள்ளே போய்க் கீறியதில், நான் மூன்று படி பின்னுக்குப் போய்த் திரும்ப அரைத்தேன். இப்போது சன்னலைச் சாத்தி, ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, விடியப்புறத்தில்தான் மினுக்குகிறேன்.

தமிழ்நாட்டிலும் ஒரு காவலூர் உண்டு, ஜவ்வாது மலையில். அங்குள்ள 2.34 மீற்றர் தொலைநோக்கியின் கண்ணாடியை ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் பெங்களூரில் தேய்த்து மினுக்கினார்கள். அந்த வேலையைத் தொடங்கிவைத்த வைணு பாப்பு 1982இல் காலமாகிவிட்டார். 1986இல் திறப்புவிழா நடந்தபோது தொலைநோக்கிக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.

அரைத்த கோளக்குழியைப் பரவளைவாக்குவதுதான் கடைசி வேலை. என் வட்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீற்றரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் மூன்று பங்கு. கைக்கு அது தெரியாது. சவர அலகுக்குத் தெரியும். ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1858இல் கண்ட வழி இது. கண்ணாடியிலிருந்து 2.4 மீற்றர் தள்ளிச் சின்ன விளக்கொன்றை வைத்து, திரும்பிவரும் ஒளியைச் சவர அலகால் மெல்ல வெட்டிப் பார்த்தால், கண்ணாடியின் மேடுபள்ளமெல்லாம் நிலவின் மலைகள் மாதிரி நிழல் விழுத்தும்.

நேற்று மருமகளை அலகின் பின்னால் இருத்தினேன். அதற்கு முன் அவள் கண்ணாடியில் விரலைப் பத்து விநாடி வைத்து எடுத்திருந்தாள்.

“மாமா, ஒரு புட்டி நிக்குது!”

“உன்ர விரல் சூடுதான் பிள்ளை.”

அந்தச் சூட்டுக்கே கண்ணாடி வீங்கும். அப்போது அதை மேடென்று நினைத்துத் தேய்த்தால், ஆறிய பின் அங்கே பள்ளம் இருக்கும். அதனால் மினுக்கிய ஒவ்வொரு தடவையும் கையை எடுத்துவிட்டு, மணித்தியாலக் கணக்கில் காத்திருக்கவேண்டியிருக்கிறது.

மாமி திரும்பக் கேட்டால் சொல்ல மறுமொழி தயார்: அரைச்சாச்சு மாமி, ஆறுது.