மலையைப் பார்த்து ஓடும் ரெயில்

ரெயில் பாதை ஓரத்தில் வீடு என்றால் பலர் முகம் சுளிப்பார்கள். "சத்தம்! தூசி! குழந்தைகளுக்கு ஆபத்து!" என்பார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள்கூட, "மாப்பிள்ளை வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்திலா?" என்று ஒரு தடவை யோசிப்பார்கள்.

ஜப்பானில் இப்படி நினைக்காதவர்களும் இருக்கிறார்கள். மலையும் ஆறும் தெரியும்படி ஓடுகிற ரெயிலுக்குப் பக்கத்தில் குடியிருப்பது அவர்களுக்குப் பெரிய பாக்கியம். வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே ரெயில் போவதைப் பார்க்கலாம் அல்லவா?

அதற்காக ஜப்பானுக்குப் போக வேண்டியது இல்லை. மதுரையில் போடி ரெயிலில் ஏறினால் போதும்.

உசிலம்பட்டி தாண்டியதும் ஆண்டிபட்டிக் கணவாய் வருகிறது. பாறையை வெட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ரெயில் அதற்குள் நுழைந்து வெளியே வந்தால், இடது பக்கம் ஆண்டிபட்டி மலை. வலது பக்கம், தூரத்தில், கொடைக்கானல் மலை. தேனியை விட்டால் எதிரிலேயே மேற்குத் தொடர்ச்சி மலை! மழைக்காலத்தில் மேகம் அதன் தோளில் உட்கார்ந்திருக்கும். ரெயில் நேராக மலைக்குள் போய்விடுமோ என்று தோன்றும். போகாது. அடிவாரத்தில், போடியில், நின்றுவிடும்.

அதற்கு மேல் ரோடுதான். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளம், ஏலக்காய்த் தோட்டங்கள்.

ரெயிலை மலைமேல் கொண்டுபோகவில்லையே என்று சிலருக்குக் குறை. ஆனால் மலைமேல் நிற்கிறவனுக்கு மலை எங்கே தெரிகிறது? அடிவாரத்தில் இருப்பவனுக்குத்தான் முழு மலையும் சொந்தம்!

சரக்குக்குப் போட்ட பாதை

இந்தப் பாதையை யாரும் அழகுக்காகப் போடவில்லை.

மூணாறு தேயிலை கீழே இறங்க ஒரு வழி வேண்டியிருந்தது. 1902-ம் ஆண்டில் மூணாறு பக்கத்தில் ஒற்றைத் தண்டவாள வண்டி விட்டார்கள். மாடு இழுத்தது! 1908-ல் அதைச் சிறிய ரெயிலாக மாற்றினார்கள். அது தேயிலையை 'டாப் ஸ்டேஷன்' வரை கொண்டுவரும். அங்கிருந்து கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கும். பிறகு வண்டியில் போடிக்கு வரும். 1924-ம் ஆண்டு பெருவெள்ளம் அந்த மலை ரெயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம். இன்று அங்கே போகிறவர்கள், "ஸ்டேஷன் எங்கே?" என்று தேடுகிறார்கள்.

மதுரை-போடி ரெயில் வந்தது 1928-ம் ஆண்டில். நீளம் சுமார் 90 கிலோ மீட்டர். இரண்டாவது உலகப் போர் வந்தபோது தண்டவாளத்தையே பிடுங்கிவிட்டார்கள். 1950-களில்தான் மறுபடி போட்டார்கள். பிறகு அகலப்பாதை வேலைக்காக 2010-ம் ஆண்டின் கடைசி நாளோடு ரெயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு 2022 மே மாதம் ரெயில் திரும்பி வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15-ந் தேதி வந்தது.

பன்னிரண்டு வருஷம்! ரெயில் நின்ற ஆண்டில் போடியில் பிறந்த குழந்தை, பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் சொந்த ஊரில் ரெயிலைப் பார்த்தது.

ஜப்பானிலும் இதே கதை

ஜப்பானில் தடாமி என்று ஒரு பாதை உண்டு. ஃபுகுஷிமா மலைகளுக்கு நடுவே, ஆற்றை ஒட்டி ஓடுகிறது. மொத்தம் 135 கிலோ மீட்டர். 2011 ஜூலையில் பெய்த பேய்மழையில் அதன் பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. சுமார் 28 கிலோ மீட்டர் தூரத்துக்கு ரெயில் நின்றுபோனது.

அந்த ஊர்களில் ஜனம் குறைவு. ரெயிலில் ஏறுகிறவர்கள் அதைவிடக் குறைவு. "எதற்கு இத்தனை செலவு? பஸ் விட்டால் போதாதா?" என்ற பேச்சு அங்கேயும் எழுந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் விடவில்லை. அந்தத் துண்டுப் பாதையைப் பராமரிக்கும் செலவை ஃபுகுஷிமா மாநில நிர்வாகமும் பக்கத்து ஊர்களும் தலையில் போட்டுக்கொண்டன. 2022 அக்டோபர் 1-ந் தேதி ரெயில் மறுபடி ஓடியது.

இப்போது அங்கே என்ன நடக்கிறது? மிஷிமா என்ற ஊரில் மேட்டில் ஏறி நின்று, ஆற்றுப் பாலத்தில் ரெயில் வருவதைப் பார்க்கக் கூட்டம் வருகிறது. வயலில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து, ரெயிலுக்குக் கை காட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்களும் கை காட்டுகிறார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது!

அழகு சோறு போடுமா?

"விடியுமுன் ஜீப்பில் மலையேறி, நாள் முழுக்க ஏலக்காய் பறிக்கிற பெண்ணுக்கு மலையின் அழகு எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவள் தினமும் மலையைப் பார்க்கிறாள். அவளுக்கு வேண்டியது பஸ்ஸைவிடக் குறைந்த கட்டணம். மடியில் குழந்தையோடு உட்கார்ந்து போக ஓர் இடம். சாதாரண ரெயில் அந்த இரண்டையும் தருகிறது. ஜன்னல் ஓரத்துக் காட்சி அதற்கு மேல் கிடைக்கிற இனாம். ஊட்டி மலை ரெயிலைப் பார்க்க உலகமே வருகிறது. அங்கே உள்ளூர் ஏழைக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. போடி ரெயிலுக்கு அந்தக் கதி வராமல் இருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நம் ஊர்களில் வீட்டின் முதுகுதான் ரெயிலைப் பார்க்கிறது. குப்பை கொட்டுவது அங்கே, சாக்கடை விடுவது அங்கே. மதுரையிலிருந்து வருகிறவன் மலையைப் பார்ப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் பையைப் பார்க்கிறான். பாதை ஓரத்து வீட்டுக்காரர்கள் ஒரு செம்பருத்திச் செடி வைத்தால் என்ன குறைந்துவிடும்? பழைய ரெயில் மெதுவாக வந்தது. இப்போது வருவது வேகமான ரெயில். பிள்ளைகளைத் தண்டவாளத்தில் விளையாட விடுவதும், குறுக்கே நடப்பதும் இனி ஆகாது. கை காட்டுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே காட்டலாம்.

ரெயில்வேக்கும் ஒரு வார்த்தை. 2023-ல் ரெயிலைப் போடிவரை நீட்டியபோது, காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு, மாலையில் போடியிலிருந்து திரும்பும்படி நேரம் வைத்தார்கள். மலை பார்க்க வரும் மதுரைக்காரருக்கு அது வசதி. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் போடிக்காரருக்கு? அவர் காலையில் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் வீடு திரும்ப வேண்டும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் அப்படியே. ஊர் மக்கள் ஏறாத ரெயில், எவ்வளவு அழகான மலையைப் பார்த்து ஓடினாலும், எத்தனை நாள் ஓடும்? இந்தப் பாதையில் நேரம் குறிக்கிற அதிகாரிகள், காலையில் போடியில் புறப்பட்டு இரவு போடிக்குத் திரும்பும் வண்டியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அதில் போகிறவர், போகும்போது மலைக்கு முதுகு காட்டினாலும், வரும்போது அதைப் பார்த்துக்கொண்டேதான் வருவார்.