மாடி எடுக்கும் முன் மண்ணைப் பாருங்கள்

சென்னையில் வேளச்சேரி, மடிப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் எந்தத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். பையனுக்குக் கல்யாணம் ஆனால் மாடி எடுக்கலாம், ஓய்வு பெற்றபின் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடலாம் என்று என்றைக்கோ விட்டுவைத்தவை. அந்த ஆசையில் தவறே இல்லை. மனை விலை எட்டாத ஊரில், நடுத்தரக் குடும்பத்துக்கு மிச்சமிருக்கும் நிலம் அந்த மொட்டைமாடிதான்.

ஆனால் அந்தக் கம்பியைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தளத்தை விட்டு வெளியே வரும் இடத்தில்தான் மழைநீர் தேங்கும். துரு அதிகம் அரிப்பதும் அங்கேதான். சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிரும். 16 மில்லிமீட்டர் கம்பியோடு புதுக் கம்பியைச் சேர்த்துக் கட்ட, பழையது சுமார் 80 சென்டிமீட்டர் நீளத்துக்காவது கெடாமல் இருக்க வேண்டும். “தாராளமா தாங்கும் சார்” என்ற மேஸ்திரியின் ஒரு சொல்லை நம்பிப் பல குடும்பங்கள் கடன் வாங்கிவிடுகின்றன. 600 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போட்டால் கான்கிரீட்டின் எடை மட்டுமே 17 டன்னைத் தாண்டும். சுவர், தரை, தண்ணீர்த் தொட்டி, குடிவரும் ஆட்கள் எல்லாம் அதற்கு மேல்.

இத்தனையும் எந்த மண்ணில் இறங்குகிறது?

ஏரியை ஒட்டிய மனைகளில் பெரும்பாலும் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். கீழ்வீட்டுச் சுவரில் மூலைவாக்கில் விரிசல் ஓடியிருந்தால், அஸ்திவாரம் ஏற்கெனவே அசைந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்து மறைப்பது ஆபத்து. ஒரு தூணை ஒட்டிக் குழி தோண்டி, அஸ்திவாரத்தின் ஆழ அகலத்தை அளந்து, மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் ஒப்புதலை எழுத்தில் வாங்கிய பிறகே பிளான் போட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். வேளச்சேரி ஏரி ஒருகாலத்தில் 250 ஏக்கருக்கு மேல் இருந்தது. இன்று மிச்சம் சுமார் 55 ஏக்கர். வீட்டு வசதி வாரியமே அதில் குடியிருப்பு கட்டியது. தென்சென்னைப் புறநகரின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்பவை. அந்த வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் காட்டியது. அப்படியிருந்தும் கூடுதல் அறைக்காகப் பக்கத்து இடைவெளியை மூடுவதும், காம்பவுண்டு வரை சிமென்ட் போடுவதும் நிற்கவில்லை. வடிய வழியில்லாத மழைநீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். மாடியில் புதுக் குடும்பம் வந்ததும் செப்டிக் டேங்க்கின் சுமையும் கூடும். நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் ஐப்பசி, கார்த்திகையில் கழிவுநீர் சம்ப்பில் கலந்தால் இரண்டு குடும்பங்களுக்கும் நோய்தான்.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட, சுயசான்றின்பேரில் உடனடி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. அலைச்சலைக் குறைத்த நல்ல திட்டம். ஆனால் அனுமதிக்கு முன் மனையை யாரும் வந்து பார்ப்பதில்லை. மேட்டு நிலத்துக்கும் ஏரிக்கரைக்கும் ஒரே அளவுகோல் சரிவராது. ஏரியை ஒட்டிய வார்டுகளிலாவது, மாடி எடுப்போரிடம் அஸ்திவார ஆய்வு அறிக்கையைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதோடு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச்சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலர் அறிவுறுத்தியதை உள்ளாட்சிகள் விடாமல் பின்பற்ற வேண்டும். சாலை உயர உயர, கீழ்வீடு பள்ளமாகிறது.

இந்தத் தை மாதம் வேலை தொடங்க நாள் பார்த்திருப்பவர்கள், டைல்ஸ் கடைக்குப் போவதற்கு முன் மண் பரிசோதனைக்கு ஆள் சொல்லுங்கள்.