வைரஸ் கரைசல்: வடிகட்டினால் மட்டும் போதுமா?

"மணிலாவில் வைரஸ் தாக்கித் தலைகீழாகத் தொங்கிச் செத்த புரொடீனியா புழுக்களைப் பொறுக்கி, அரைத்து, துணியில் வடிகட்டித் தெளித்தேன். போன வருடம் நன்றாகக் கேட்டது. இந்த வருடம் அதே 100 புழு, அதே ஒரு ஏக்கர், பலன் இல்லை. நாசில் வேறு அடைத்துக்கொண்டது. ஆய்வகத்தில் எப்படிச் செய்கிறார்கள்?"
- வாசகர், ரமணாசிரமம் பகுதி, திருவண்ணாமலை.

என்.பி.வி. எனப்படும் இந்த வைரஸ், புழுவின் உடலுக்குள் புரத உறைக்குள் பொதிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கல்கண்டு போன்ற இந்த உறைகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மைக்ரான் பருமன். சாதாரண நுண்ணோக்கியிலேயே தெரியும். மற்ற வைரஸ்களைப் பிரிக்க நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும் விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும். இதற்கு வேண்டியதில்லை.

ஆய்வகத்திலும் முதல் வேலை அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுவதுதான். துணியைத் தாண்டியும் தோல், கொழுப்பு, சக்கை எல்லாம் வந்துவிடும். நாசிலை அடைப்பதும் இவைதான். வடிநீரை மையவிலக்கு இயந்திரத்தில் 500 சுற்றில் சில நிமிடம் ஓட்டினால் கனமான சக்கை அடியில் தங்கும். இங்கே அந்த அடிமண்டியைக் கொட்டிவிட்டு, மேல்நீரை எடுத்துக்கொள்ள வேண்டும். அதையே 5,000 சுற்றில் 20 நிமிடம் ஓட்டினால் வைரஸ் உறைகள் வெண்மையாக அடியில் படியும். இப்போது மேல்நீரைக் கொட்டிவிட்டு, அடியில் இருப்பதை எடுக்க வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் மாற்றிக் கொட்டுவது இந்த இடத்தில்தான். படிந்ததைச் சுத்தமான நீரில் கரைத்து மறுபடி ஓட்டினால் இன்னும் தெளியும். இயந்திரம் இல்லாதவர்கள் வடிநீரைக் குளிர்ந்த இடத்தில் அசைக்காமல் வைத்தாலும் படியும்; ஆனால் நாள்கணக்கில் ஆகும், முழுசாகச் சுத்தமாகாது.

வாசகருக்கு நடந்த தவறு பெரும்பாலும் சுத்தத்தில் இல்லை, எண்ணிக்கையில். ஒரு எல்.இ. என்பது 600 கோடி உறைகள். நன்கு வளர்ந்து, நோய் முற்றிச் செத்த புழுவில்தான் அந்த அளவை எதிர்பார்க்க முடியும். சின்னதிலேயே செத்த புழுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஏக்கருக்கு 100 எல்.இ. பரிந்துரை என்றால் 100 புழு என்று அர்த்தமில்லை. அதனால்தான் ஆய்வகத்தில் ரத்த அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு எண்ணிய பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். வாழவச்சனூர் அரசு வேளாண்மைக் கல்லூரியில் எண்ணித் தர முடியுமா என்று விசாரிக்கலாம்.

வேறு இரண்டு காரணமும் இருக்கலாம். வெயில் இந்த வைரஸைச் சீக்கிரம் கெடுக்கும். சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு ஒரு கிலோ வெல்லம் சேர்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்பு, போர்டோ கலவை எதுவும் கூடாது. காரத்தில் உறை கரையும். அது புழுவின் குடலுக்குள் நடக்க வேண்டியது, டேங்கிலேயே நடந்துவிடும். பெரிய புழுவாகிவிட்டால் எவ்வளவு நல்ல கரைசலும் சரியாகக் கேட்காது. குஞ்சுப் பருவத்திலேயே தெளித்து, பலன் தெரிய நான்கைந்து நாளாவது பொறுக்க வேண்டும்.