இணையவழிப் பாடப்பொருள்களை ஒழுங்கமைத்தல்: தமிழ்த்துறைகளின் பொறுப்பு

முன்னுரை

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்த்துறைகள் இணையவழிக் கற்பித்தலுக்கு மிக விரைவாக மாற நேர்ந்தது. உரைக்குறிப்புகள், நூற்பகுதிகளின் படிமங்கள், ஒலிப்பதிவுகள், வினாத்தொகுதிகள் எனப் பலவகைப் பாடப்பொருள்கள் கூகுள் கிளாஸ்ரூம், மூடுல் முதலிய தளங்களில் பதிவேற்றப்பட்டன. வகுப்பறைகள் மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும் அப்பழக்கம் நிலைத்துவிட்டது. பாடப்பொருள்கள் பெருகின, அவற்றை ஒழுங்கமைக்கும் முறை மட்டும் உருவாகவில்லை. ஆசிரியர் ஒருவர் பணிமாறும்போது அவர் அமைத்த வகுப்பும் பயன்பாட்டிலிருந்து மறைகிறது. அடுத்து வருபவர் அதே பணியை முதலிலிருந்து தொடங்குகிறார். ஒழுங்கமைப்பைக் கணினித்துறையின் பணி என ஒதுக்காமல் தமிழ்த்துறைகள் தம் ஆய்வுப் பணியின் ஒரு கூறாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நிரல் இடைமுகமும் அதன் எல்லையும்

ஒரு தளத்தின் திரையில் மனிதர் கையால் செய்யும் செயல்களை ஒரு நிரல் செய்வதற்குத் தளமே திறந்துவைக்கும் வாயில் நிரல் இடைமுகம் எனப்படும். கூகுள் கிளாஸ்ரூம் 2014இலும் அதன் நிரல் இடைமுகம் 2015இலும் வெளிவந்தன. வகுப்பை உருவாக்குதல், தலைப்புகளை அமைத்தல், பாடப்பொருளை உரிய தலைப்பின்கீழ் இடுதல், வெளியிடும் நேரத்தைக் குறித்தல் ஆகியவற்றை இதன்வழி நிகழ்த்தலாம். ஓர் அட்டவணையில் உள்ள இருநூறு பாடப்பொருள்களை ஒவ்வொன்றாகக் கையால் இடவேண்டிய தேவை இதனால் நீங்குகிறது.

எனினும் இரண்டு வரம்புகள் கருதத்தக்கவை. முதலாவது, இத்தளத்தில் ஒரு பாடப்பொருள் ஒரு தலைப்பின்கீழ் மட்டுமே அமையும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கான பேராசிரியர் உரை இலக்கணத் தாளுக்கும் திறனாய்வுத் தாளுக்கும் ஒப்பிலக்கியத் தாளுக்கும் வேண்டப்படுவது. மூன்றிடத்தும் மூன்று படிகள் இடப்படின், ஒன்றில் திருத்தப்பட்ட பிழை மற்ற இரண்டிலும் நிலைத்திருக்கும். இரண்டாவது, ஒரு நிரல்திட்டத்தின்வழி உருவாக்கப்பட்ட பாடப்பொருளை அத்திட்டத்தின்வழியே மட்டும் மாற்றியமைக்க இயலும். கையால் இடப்பட்டவற்றைப் பின்னாளில் ஒரு நிரலைக் கொண்டு வகைமாற்றம் செய்யலாம் என்னும் நம்பிக்கைக்கு இங்கு இடமில்லை. ஆகவே ஒழுங்கமைப்பு பதிவேற்றத்திற்கு முன்னரே முடிவுசெய்யப்பட வேண்டியதாகிறது.

தொகுப்பு மரபு தரும் பாடம்

தொகுத்தலும் வகைப்படுத்தலும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல. அகநானூற்றின் நானூறு பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காய் அமைபவை நெய்தல். பாடலின் எண்ணைக் கொண்டே திணையை அறியலாம். இன்றைய கணினியியலார் மீதரவு என வழங்கும் செய்தியைத் தொகுத்தோர் வரிசையெண்ணிலேயே பொதிந்துவைத்துள்ளனர்.

இம்முறையை அவ்வாறே பாடப்பொருளுக்குப் பொருத்துதல் மட்டும் தகாது. அகநானூறு நிறைவுற்ற தொகை. அதில் இனி ஒரு பாடல் சேராது. பாடத்திட்டமோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுவது. தாள் எண்ணையும் பருவத்தையும் அடையாள எண்ணில் பொதிந்துவைத்தால், அடுத்த பாடத்திட்டத்தில் அவ்வெண் பொய்த்துப்போகும். எனவே பாடப்பொருளின் அடையாள எண் பொருளற்ற வெறும் எண்ணாகவும், நூல், இயல், உரையாசிரியர், திணை, தாள் முதலியவை தனித்தனிப் புலங்களாகவும் அமைதல் வேண்டும். மரபிலிருந்து கொள்ளத்தக்கது எண்முறை அன்று. தேடுவோர் எதைக் கொண்டு தேடுவர் என முன்னரே எண்ணிப்பார்க்கும் நெறியே.

எழுத்துசார் சிக்கல்கள்

தமிழ்ப் பாடப்பொருள்களுக்கே உரிய சிக்கல்கள் எழுத்து நிலையில் எழுகின்றன. ஒருங்குறியில் ‘தொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியீடுகளை மட்டும் ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு. இதனால் ‘தொல்காப்பியம்’ என்னும் தலைப்பு ஒரே பட்டியலில் இருமுறை தோன்றக்கூடும். பதிவேற்றத்திற்கு முன் எல்லாப் பெயர்களையும் ஒருங்குறி இயல்பாக்கத்திற்கு உட்படுத்துவதே இதற்குத் தீர்வாகும்.

வரிசைமுறையும் இத்தகையதே. ஒருங்குறிக் குறியீட்டு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின் நிற்கிறது. அவ்வரிசையை அப்படியே பின்பற்றும் நிரல், ‘அன்பு’ என்பதை ‘அறம்’ என்பதற்கு முன்னும், ‘அகம்’ என்பதை ‘அக்கறை’ என்பதற்கு முன்னும் வைக்கும். அகராதி வரிசை இதற்கு நேர்மாறானது. தமிழுக்குரிய வரிசை விதிகளைப் பயன்படுத்துமாறு நிரலுக்கு வெளிப்படையாகக் கூறினாலன்றி இப்பிழை நீங்காது. இதனைப் பிழையென உடனே காணவல்லவர் தமிழ் கற்றவரே.

பெயர் வேறுபாடு மூன்றாவது சிக்கல். ‘மெய்ப்பாட்டியல்’, ‘மெய்ப்பாடு’, ‘தொல். மெய்ப்.’ என மூவர் மூவாறு எழுதினால் நிரல் மூன்று தலைப்புகளை உருவாக்கும். துறை ஒப்புக்கொண்ட ஒரு சொற்பட்டியல் இன்றியமையாதது. அதனை வகுக்கும் தகுதி நிரலாளரிடம் இல்லை.

மறுப்பும் விடையும்

நிரல் எழுதுதல் தமிழாசிரியரின் பணியன்று என்னும் மறுப்பு எழலாம். அது பெரிதும் உண்மையே. ஆயின் இப்பணியில் நிரலின் பங்கு சிறிது. அது படித்து இடவேண்டிய அட்டவணையின் பங்கே பெரிது. எவ்வுரை எவ்வியலுக்குக் கிடைக்கிறது, எப்பதிப்பு பின்பற்றப்பட்டது, எப்பகுதி எத்தாளுக்கு உரியது என்பன அனைத்தும் பதிப்பியல் வினாக்கள். உரிமைநிலையும் அவ்வாறே. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், இளம்பூரணர் உரையையும் அண்மைக்கால உரையாசிரியரின் விளக்கத்தையும் ஒரேபோல் பதிவேற்ற இயலாது. இவ்வேறுபாட்டைப் பதிவுசெய்ய அட்டவணையில் ஒரு புலம் வேண்டும்.

2001இல் தொடங்கப்பெற்றுத் தமிழ் இணையக் கல்விக்கழகமாக வளர்ந்துள்ள நிறுவனம், தன் பாடங்களைப் படிநிலையாகப் பகுத்து வழங்கிவருகிறது. ஒழுங்கமைப்பு பாட உருவாக்கத்தோடு உடன்பிறந்ததாக இருந்தால் தமிழ்ப் பாடங்கள் நெடுங்காலம் பயன்தரும் என்பதற்கு அது சான்று.

முடிவுரை

தமிழ்த்துறைகள் உடனடியாக மேற்கொள்ளத்தக்கவை மூன்று. பாடப்பொருள் அனைத்திற்கும் துறையின் பொறுப்பில் ஒரு முதன்மை அட்டவணை. தலைப்புகளுக்கு ஒப்புக்கொண்ட சொற்பட்டியல். அவ்வட்டவணையைப் படித்துத் தளத்தில் இடும், துறைக் கணக்கின்வழி இயங்கும் ஒரு நிரல். தளங்கள் மாறலாம், மூடப்படலாம். அட்டவணை துறையிடம் இருக்குமாயின், புதிய தளத்தின் இடைமுகத்திற்கு ஏற்ப நிரலை மட்டும் மாற்றினால் போதும். அட்டவணை இல்லையெனில், தளம் மாறும்போதெல்லாம் துறையின் பல்லாண்டு உழைப்பு மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்பட வேண்டியதாகும். ஏட்டுச்சுவடிகளைத் தேடி அட்டவணைப்படுத்திக் காத்த துறைக்குத் தன் சொந்தப் பாடக்குறிப்புகளைக் காப்பது இயலாத பணியன்று.