இருபது கிலோ ராடு



போன மாதம் ஆம்பூரிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் பிரிவில் இருபது வருஷமாக வேலை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பவர்லிஃப்டிங் பழகப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "வெயிட் தூக்கினால் பெண்பிள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதை வைத்து நாளைக்கு ஒரு வேலை கிடைக்குமா? நீங்களாவது புத்தி சொல்லுங்கள் ஐயா" என்று கடிதம் முடிகிறது. அம்மா என்னை மன்னிக்க வேண்டும். நான் மகள் கட்சி.

எடை தூக்குவது ஆம்பூருக்குப் புதுசா என்ன? டேனரியில் ஊறின தோலை டிரம்மிலிருந்து வாரிப் போடுகிறவரைப் பாருங்கள். கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவை அடுப்பிலிருந்து இறக்குகிறவர்களைப் பாருங்கள். ஊரே தூக்கித்தான் பிழைக்கிறது. ஆனால் அங்கே பாரத்தை முடிவு செய்வது வேலை. இடுப்பு வலித்தாலும் அதே பாரம், அதே பக்கம், அதே தோள். பயிற்சியில் பாரத்தை முடிவு செய்வது தூக்குகிறவர். நேற்றைக்கு முடிந்த அளவுக்கு மேல், எடை மாட்டும் ராடின் இரு முனைகளிலும் ஒன்றேகால் கிலோ, அவ்வளவுதான். களைத்த தசை சோற்றிலும் தூக்கத்திலும் தேறி, அடுத்த முறை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஓய்வு நாளும் பயிற்சிக் கணக்கில்தான் சேரும்.

இது எனக்குப் புரிந்த விதம் கொஞ்சம் வெட்கக்கேடு. ஐம்பது வயதில், வாசலில் இறங்கிய அரிசிச் சிப்பத்தை வீறாப்பாகக் குனிந்து தூக்கப் போய், மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். பிறகு ஒரு பயிற்சியாளர் தம்பி வெறும் ராடை என் முன்னால் வைத்து, "சார், முதுகை வளைக்காம, இடுப்பைப் பின்னாடி தள்ளி, காலால தரையை அமுக்கி எழுந்திருங்க" என்றார். ராடின் எடை 20 கிலோ, சிப்பத்தைவிடக் குறைவு. குனியத் தெரியாமலே ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன்!

ஆம்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் வாக்கில் கிழக்கே போனால் வேலூர் சத்துவாச்சாரி. அங்கே வளர்ந்தவர் பளு தூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம். அப்பா முன்னாள் ராணுவ வீரர், அவரும் பளு தூக்கியவர். பிறகு வேலூரில் காவலாளி வேலை. மகன் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் இரண்டு வகைத் தூக்கலிலும் சேர்த்து, 149-ம் 179-மாக 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அடுத்த வருஷம் அர்ஜுனா விருது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 329 கிலோ. கிளாஸ்கோவைவிட ஒரு கிலோ அதிகம். ஆனால் அன்றைய பட்டியலில் 11-ஆம் இடம். பத்திரிகைகள் அதைத் தோல்வி என்ற மாதிரிதான் எழுதின. எங்கள் தொழிலின் கோளாறு அது.

அதற்கப்புறம் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடைத் தசையில் காயம். சரியாக உட்காரக்கூட முடியாத வலி. பதக்க நம்பிக்கையே போய்விட்டது என்று அவரே பின்னால் சொன்னார். அந்தக் காலோடுதான் 2018-இல் கோல்ட் கோஸ்ட் போனார். 144-ம் 173-ம், மொத்தம் 317. ரியோவைவிட 12 கிலோ குறைவு. அதற்குத் தங்கம்! வெற்றி உறுதியானதும் கடைசி வாய்ப்பை எடுக்காமலே விட்டுவிட்டார். கைதட்டுகிற கூட்டத்துக்கு முன்னால் ராடைத் தொடாமல் இருப்பதற்கும் பயிற்சி வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

சதீஷ் செய்வது வெயிட்லிஃப்டிங். ஸ்நாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டிலுமே ராடு தலைக்கு மேலே போகும். உங்கள் மகள் கேட்பது ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றும். ஒவ்வொன்றிலும் மூன்று வாய்ப்பு, சிறந்ததைக் கூட்டுவார்கள். பவர்லிஃப்டிங் ஒலிம்பிக்கில் இல்லை. பாராலிம்பிக்கில் பெஞ்ச் பிரஸ் வடிவம் மட்டும் உண்டு.

வேலை என்று கேட்டீர்கள். சதீஷுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது பளுவால்தான். மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் பவர்லிஃப்டிங்கும் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. எந்த விளையாட்டு, எந்த அளவிலான போட்டி என்பதை அறிவிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: பவர்லிஃப்டிங்கில் சங்கங்கள் பல. யார் தரும் சான்றிதழை அரசு ஏற்கும் என்று விசாரிக்காமல் நுழைவுக் கட்டணம் கட்டாதீர்கள். அழகான கோப்பை, செல்லாத காகிதம் என்று ஏமாந்தவர்கள் நிறைய. பதக்கம் வராவிட்டால்? பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர் படிப்பு இருக்கிறது. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் உண்டு. ஷூ கம்பெனி பஸ்களில் காலையும் மாலையும் நிறைந்து போகிற பெண்களைப் பார்க்கும்போதெல்லாம், நாளெல்லாம் மெஷின் முன் குனிந்த இந்தக் கழுத்துகளுக்கும் முதுகுகளுக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் பயிற்சியாளர் போதுமா, பத்துப் பேர் வேண்டுமா என்று யோசிப்பேன்.

உடம்பு ஆம்பளை மாதிரி ஆகிவிடாது அம்மா. அப்படித் தசை திரளத் தேவையான ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. எலும்பு உறுதிப்படும், நமக்கு வயதாகும்போதுதான் அதன் அருமை தெரியும். வயதுவந்தவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்களும் மகளோடு போகலாம், கிண்டலாகச் சொல்லவில்லை. "இந்த ஊசி போட்டா மூணு மாசத்துல" என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் அந்த இடத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். பருப்பு, முட்டை, வேர்க்கடலையில் ஆரம்பித்தால் போதும்.

இன்னொன்று. எடுத்த எடுப்பில் பெல்ட் வாங்கித் தரச் சொல்வாள். கொஞ்ச மாதம் போகட்டும். மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கி நிறுத்தப் பழகின பிறகுதான் பெல்ட்டால் பயன். வயிறு அதை உள்ளிருந்து தள்ளும்போது முதுகுக்கு அணை கிடைக்கும். போட்டி பெல்ட் 10 சென்டிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக்கூடாது. பெரும்பாலும் தோல். ரெக்சினைத் தோல் என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள், ஆகவே கடைக்கு நீங்களும் கூடப் போங்கள். இருபது வருஷம் தோலைத் தைத்த கை, தடவிப் பார்த்தாலே சொல்லிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்